தினமும் செத்த காலகேயன்

‘பாகுபலி’ எங்களுக்கு வெறும் படம் இல்ல. 2015இல் முதல் பாகம் வந்தப்போ தலவாக்கலை டவுன்ல வாங்கின ஒரு டிவிடி, லயம் முழுக்க வீடு வீடாப் போய், கீறல் விழுந்து நிக்கிற வரைக்கும் ஓடிச்சு. 2017இல் ரெண்டாவது பாகம் வர்ற வரைக்கும் கட்டப்பா ஏன் குத்தினாருன்னு எங்ககிட்ட ஆளுக்கொரு கதை இருந்திச்சு.

ஸ்கூல் விட்டு வந்தா அம்மாமாரோட மட்டக்கம்புதான் எங்க வாள். பாகுபலியா நிக்க அடிபிடி. காலகேயனுக்கு மட்டும் ஆள் தேடத் தேவையில்ல. எங்கள்ல ஆகக் கறுப்பா இருந்த கூட்டாளிதான். அப்படின்னு யாரும் பேசி முடிவெடுக்கல. அவனும் கிளிக்கி பாஷையில கத்திக்கிட்டு தினமும் நல்லாவே செத்தான்.

2025 ஒக்டோபர்ல ரெண்டு பாகத்தையும் ஒரே படமாச் சேர்த்து விட்டாங்க. அந்தச் சாட்டுல பழசை மறுபடி போட்டுப் பார்த்தோம். காலகேயர் உடம்பெல்லாம் கரியைப் பூசின மாதிரி. அவங்களுக்காக மதன் கார்க்கி இலக்கணத்தோட ஒரு பாஷையே உருவாக்கினார். பாஷை கிடைச்சவங்களுக்கு ஒரு வீடோ, அம்மாவோ, பிள்ளையோ கதையில கிடைக்கல. போர்க்களத்துல சாதாரண சனத்தைக் காப்பாத்தினான்னுதான் பாகுபலிக்கு அரியணை. காலகேயர் அந்தச் சனத்துல சேர்த்தி இல்ல. நாங்க விசிலடிச்ச இடமும் அதுதான்.

அதைவிடக் குத்தினது ‘பகடை’. தமிழ் வசனத்துல அந்தச் சொல் வசையா வரும். நாங்க அதைத் தாயக்கட்டைன்னு நினைச்சிட்டிருந்தோம். அது அருந்ததியர் சமூகத்தோட பேர்கள்ல ஒண்ணு. 2015 ஜூலையில தமிழ்நாட்டுல எதிர்ப்பு கிளம்பி, மதுரைத் தியேட்டர் ஒண்ணுல பெட்ரோல் குண்டு வீசுற வரைக்கும் போச்சு (அதை நாங்க நியாயப்படுத்தல). கார்க்கி வருத்தம் தெரிவிச்சார். மலைநாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட சனத்துல அருந்ததியரும் உண்டு. அந்த டிவிடி ஓடின காம்பராக்கள்ல அவங்க காம்பராவும் இருந்திச்சு. அந்தச் சொல் அவங்க காதுல விழுந்துச்சா, விழுந்தும் பேசாம இருந்தாங்களா? இப்போ போய்க் கேக்க எங்களுக்கு வாய் வரல.

கூட்டாளிகிட்ட மட்டும் கேட்டோம். கொழும்புல கடையில வேலை செய்றான், ஊருக்கு வந்திருந்தான். “அந்த வெளையாட்டு ஒனக்கு வெறுப்பா இருந்திச்சாடா?”

சிரிச்சான். “ஒரு நாளாச்சும் பாகுபலியா நிக்கிறேன்னு கேட்டேனே. நீங்கதான் கம்பத் தரல.”

அவன் கேட்டது எங்கள்ல ஒருத்தருக்கும் ஞாபகம் இல்ல.