ரத்தம் வந்தா எல்லாமே மூலம் இல்லீங்க

இன்னைக்குக் கொஞ்சம் கூச்சமான விஷயம் பேசப்போறோம். சாப்பிட்டுக்கிட்டே படிக்கிறவங்க, முடிச்சுட்டு கை கழுவிட்டு வாங்க.

பென்னாகரம் பக்கம் ஓபி பார்க்கும் டாக்டருக்கு "சூடு பிடிச்சிருக்கு சார்" என்ற வார்த்தை ரொம்பப் பழக்கம். அது நீர்க்கடுப்பாக இருக்கலாம், வாய்ப்புண்ணாக இருக்கலாம். குரலைத் தாழ்த்தி, கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்துட்டுச் சொன்னால் மட்டும், வெளிக்குப் போகும்போது ரத்தம் வருதுன்னு அர்த்தம்.

அப்படி ஒரு அம்மணி வந்தாங்க. இருபதுகளில் வயசு, கைக்குழந்தைக்கு மூணு மாசம். கணவர் பெங்களூருவில் கட்டட வேலை. "களி தின்னா வெளிக்குப் போகணுமே சார், கண்ணாடித் துண்டு வெச்சு கீறுற மாதிரி வலிக்குது. அதான் கஞ்சித் தண்ணி மட்டும் குடிச்சுக்கிறேன்" என்றார். பால் கொடுக்கிற தாய், வலிக்குப் பயந்து பட்டினி கிடக்கிறார். மாமியாரிடம்கூடச் சொல்லவில்லை.

இது மூலம் இல்லை. ஆசனவாய் வெடிப்பு. இறுகிப்போன மலம் வெளியே வரும்போது அங்குள்ள மெல்லிய தோல் கிழியுது. கிழிந்த வலியில் ஆசனவாயைச் சுற்றியுள்ள தசை இறுக்கிப் பிடிச்சுக்குது. இறுக்கிப் பிடிச்சா அந்த இடத்துக்கு ரத்த ஓட்டம் குறையும், புண் ஆறாது. வலிக்குப் பயந்து அடக்குவோம். பெருங்குடலின் வேலையே தண்ணீரை உறிஞ்சுவதுதான். அடக்க அடக்க மலம் இன்னும் காய்ந்து கல்லாகும். அடுத்த முறை அதே இடத்தில் மறுபடியும் கிழியும். இந்தச் சுழலை உடைக்கிறதுதான் வைத்தியம்.

மூலம் வேற. ஆசனவாய்க்குள் ரத்தக் குழாய்கள் நிறைந்த சதைத் திண்டுகள் நம்ம எல்லாருக்குமே உண்டு. வருஷக்கணக்கில் முக்கினால் அவை வீங்கிக் கீழிறங்கும். அதில் பெரும்பாலும் வலி இருக்காது. போய் முடித்தபிறகு சொட்டுச் சொட்டாகச் சிவப்பு ரத்தம் விழும்.

சரி, களி தின்கிற ஊரில் மலச்சிக்கல் ஏன்? ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட அட்டவணைப்படி 100 கிராம் கேழ்வரகில் நார்ச்சத்து 11 கிராம் இருக்கு. தீட்டிய பச்சரிசியில் 3 கிராம்கூட இல்லை. ஆனா இன்னைக்கு எத்தனை வீட்டில் தினமும் களி? காலையில் டீயும் பன்னும், மதியம் ரேஷன் அரிசிச் சோறு, ராத்திரி பரோட்டா. கீரைக் கடைசலும் அவரைக்காயும் சந்தை நாளோட சரி. டெனிஸ் பர்கிட் என்ற அறுவை மருத்துவர் உகாண்டாவில் வேலை பார்த்துட்டு, அங்குள்ள கிராமத்தாரையும் இங்கிலாந்துக்காரர்களையும் ஒப்பிட்டு, நார் குறைஞ்சதுதான் வித்தியாசம்னு ஊர் ஊராகப் பேசினார். அவர் சொன்ன எல்லாமே நிரூபணமாகலை. மலச்சிக்கல் விஷயத்தில் சரியாத்தான் சொன்னார்.

சாப்பாட்டை மட்டும் குறை சொல்றது நியாயமில்லை. கட்டட வேலைக்கும் செங்கல் சூளைக்கும் போற பெண்களுக்குப் பகல் முழுக்க ஒதுங்க இடம் கிடையாது. அதனால தண்ணியே குடிக்காம இருக்காங்க. இவங்களிடம் "நிறைய தண்ணி குடிங்கம்மா"ன்னு சீட்டில் எழுதிக் கொடுக்க எனக்கே கூச்சமா இருக்கு. அங்க தேவை கதவும் தாழ்ப்பாளும் உள்ள ஒரு கழிப்பறை.

அந்த அம்மணிக்குக் கொடுத்தது பெரிய மருந்து எதுவும் இல்லை. மலத்தை இளக்கும் சிரப், மரத்துப்போகச் செய்யும் களிம்பு. பேசினில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, பத்துப் பதினஞ்சு நிமிஷம், நாளைக்கு ரெண்டு மூணு தடவை உட்காரச் சொன்னேன். உப்பு, டெட்டால் எதுவும் வேண்டாம். களியும் கீரையும் திரும்ப ஆரம்பிச்சாங்க. புதுசா வந்த வெடிப்பு பெரும்பாலும் சில வாரங்களில் இப்படியே ஆறிடும். ஆறாமல் இழுத்தால் தசையைத் தளர்த்தும் களிம்பு இருக்கு, கடைசியாகத்தான் ஆபரேஷன். இசப்கோல் சாப்பிடுறவங்க கவனிங்க: ஒரு முழு டம்ளர் தண்ணீரில் கலந்து உடனே குடிக்கணும். தண்ணி இல்லாம சாப்பிட்டா அதுவே அடைச்சுக்கும்.

தினமும் போகலைன்னா வியாதின்னு நினைக்காதீங்க. நாளுக்கு மூணு முறை முதல் வாரத்துக்கு மூணு முறை வரை, சிரமம் இல்லாம போனா எல்லாமே சாதாரணம்தான். உள்ளே போன் எடுத்துட்டுப் போறது மட்டும் வேண்டாம், உங்களைத்தான் சொல்றேன்.

இப்ப முக்கியமான பகுதி.

ஐம்பது தாண்டிய ஒரு பெரியவர். எட்டு மாசமா ரத்தம். சுவரொட்டி பார்த்து "மூலத்துக்கு" மருந்து வாங்கிச் சாப்பிட்டிருக்கார். எங்கே போனப்பவும் யாரும் கையுறை மாட்டிப் பார்க்கலை. இடுப்பு வேட்டி நழுவும் அளவுக்கு இளைச்சிருந்தார். விரலை விட்டுப் பார்த்தா, எட்டும் தூரத்திலேயே கெட்டியா ஒரு கட்டி. மலக்குடல் புற்றுநோய். தருமபுரி மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பினேன். எட்டு மாசம் முன்னாடியே அந்த ஒரு நிமிஷப் பரிசோதனை நடந்திருக்கணும் என்ற ஆத்திரம் எனக்கு இன்னும் போகலை.

நாற்பதைத் தாண்டியவருக்குப் புதுசா ரத்தம் வந்தால், ரத்தம் மலத்தோடு கலந்தோ கருஞ்சிவப்பாகவோ வந்தால், சளியும் சேர்ந்தால், போகும் பழக்கம் வாரக்கணக்கில் மாறியிருந்தால், எடை குறைந்தால், ரத்தசோகை இருந்தால், வீட்டில் யாருக்காவது குடல் புற்றுநோய் இருந்திருந்தால், மூலம்னு நீங்களே முடிவு பண்ணாதீங்க. தார் மாதிரி கருப்பா, ஒட்டிக்கிட்டு, கெட்ட நாற்றத்தோடு போனால் வயிற்றில் ரத்தம் கசியுதுன்னு அர்த்தம், அன்னைக்கே ஆஸ்பத்திரி. கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கருக்கும், இறுகும். பயந்து அதை நிறுத்தாதீங்க. டாக்டரிடமோ கிராம சுகாதார நர்ஸிடமோ சொல்லுங்க, சரிபண்ணித் தருவாங்க.

"ஒரே ஊசியில் மூலம், பவுத்திரம் குணம்" போர்டு பக்கம் மட்டும் போகாதீங்க. மூலத்துக்கு ஊசியும் ரப்பர் வளையமும் உண்மையான வைத்தியம்தான், படிச்ச சர்ஜன் போட்டால். கண்டவங்க கண்டதை ஏத்தினா சதை அழுகி, ஆசனவாயே சுருங்கிப்போகும்.

டாக்டரிடம் போனால் "சூடு"ன்னு சொல்லாதீங்க. "வெளிக்குப் போறப்ப ரத்தம் வருது, இத்தனை நாளா, வலி இருக்கு, அல்லது இல்லை"ன்னு சொல்லுங்க, போதும். பெண்கள் நர்ஸம்மாவைக் கூட நிற்கச் சொல்லலாம், அது உங்க உரிமை. பார்க்காமலே மாத்திரை எழுதினால், "ஒரு தடவை பார்த்துடுங்க டாக்டர்"ன்னு நீங்களே கேளுங்க.