வாசலுக்கு வெளியே நிற்கும் கதை

நாவலைத் தனியாக வாசிக்கிறவர்களுக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. "இது என்ன அணி?" என்று கேட்க வாத்தியார் பக்கத்தில் இல்லை. சரியாகச் சொன்னால் மார்க் போடவும் ஆளில்லை. பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு அணி என்பது இரண்டு வரிக்குள் அடங்கிய சரக்கு. 'போல' இருந்தால் உவமை, இல்லாவிட்டால் உருவகம். மயிற்பீலி ஏற்றிய வண்டி வந்தால் கண்ணை மூடிக்கொண்டு பிறிது மொழிதல் என்று எழுதுவோம். மதுரைக் கோட்டைக் கொடிகள் கோவலனை வராதே என்று மறித்துக் கை காட்டினால் தற்குறிப்பேற்றம். பன்னிரண்டாம் வகுப்பில் படிமம், குறியீடு, தொன்மம் மூன்றும் வந்து சேர்ந்துகொண்டன. தண்டியலங்காரம் சொல்லும் 35 பொருளணிகளில் பத்துப் பன்னிரண்டாவது தெரியும் என்ற தெம்பு எனக்கு இருந்தது. நாவல் என்று வந்ததும் அந்தத் தெம்பை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பக்கம் பக்கமாக உரைநடை. இதில் எந்த இரண்டு வரியைப் பிடிப்பது?

எங்கள் ஊரில் அணி ஒன்றும் புதுசில்லை. எலவனாசூர்கோட்டை சிவன் கோயில் சாமியின் பெயர் கிராமார்த்தநாதீஸ்வரர். பழைய பெயர் ஊர்பாகங்கொண்டருளிய மகாதேவர், ஊரில் பாதியைக் கொண்டவர். பாதி என்ற அர்த்தமும் பொருள் என்ற அர்த்தமும் வடமொழியில் வேறு வேறு ஒலி. தமிழில் எழுதும்போது இரண்டுக்கும் ஒரே எழுத்துதான். ஊரின் பாதி என்றும் படிக்கலாம், ஊரின் பொருள் என்றும் படிக்கலாம். இரட்டுற மொழிதலுக்கு இதைவிட நல்ல உதாரணம் எந்தப் புத்தகத்திலும் எனக்குக் கிடைக்கவில்லை. நான் காலனிக்காரி. எனக்குப் 'பாதி'தான் சரியாகப் படுகிறது. எங்கள் பக்கத்தில் எல்லா ஊருமே இரண்டு பாதிதானே.

நான் பென்சிலோடு உட்கார்ந்து முழுசாக வாசித்த முதல் நாவல் இமையத்தின் 'கோவேறு கழுதைகள்'. 1994இல் க்ரியா வெளியிட்டது. அவர் விருத்தாசலத்துப் பக்கத்துக்காரர். உளுந்தூர்ப்பேட்டையைத் தாண்டினால் அந்தச் சீமைதான். "நம்ம பேச்சு அப்படியே இருக்குதுடி" என்று ஒரு தோழி சொன்னதால் கல்லூரி நூலகத்தில் தேடி எடுத்தேன். படித்துக்கொண்டிருந்தது இயற்பியல். தமிழ் வகுப்பில் இந்தப் பேச்சே கிடையாது.

முதலில் உவமைகளைக் கோடு போட்டேன். அதை விட்டுவிட்டேன். எங்கள் பக்கத்து ஜனங்கள் வாயைத் திறந்தாலே உவமைதான் வரும். நாவலில் வருகிறவர்கள் மட்டும் எப்படி உவமை இல்லாமல் பேசுவார்கள்? ஐம்பது கோடு போட்ட பிறகும் நாவல் எனக்குத் திறக்கவில்லை. பிறகு வேறு மாதிரி செய்து பார்த்தேன். ஏற்கெனவே பார்த்த மாதிரி ஒரு காட்சி வந்தால் ஓரத்தில் ஒரு புள்ளி. அவ்வளவுதான், பெயர் எதுவும் எழுதுவதில்லை.

புள்ளிகள் ஒரே இடத்தில் குவிய ஆரம்பித்தன. ஆரோக்கியம் வீடு வீடாகப் போய் நிற்கிறாள். ராச்சோறு கேட்கிறாள். களத்தில் தானியம் கேட்கிறாள். திரும்பவும் நிற்கிறாள், திரும்பவும் கேட்கிறாள். ஒரே காட்சிதானே என்று தாண்டிப் போய்விடலாம். ஆனால் முந்தின புள்ளிக்குப் போய் ஒப்பிட்டுப் பார்த்தால் கூடையில் விழுவது குறைந்துகொண்டே வருகிறது. கொடுக்கிறவர்களின் பேச்சு மாறுகிறது. காலம் மாறிவிட்டது, தொழிலுக்கு மதிப்புப் போய்விட்டது என்று ஆசிரியர் ஒரு பத்தி எழுதி விளக்கவேண்டிய வேலையை அந்தக் கூடை செய்துவிடுகிறது. இதற்குக் குறியீடு என்று பெயர் சொல்லலாம், மீள்வருகை என்றும் சொல்லலாம். பெயர் எனக்குப் பிறகுதான் வந்தது, கூடைதான் முதலில் கண்ணில் பட்டது. நாவலில் உத்தி ஒரு வரிக்குள் இருக்காது, இரண்டு பக்கங்களுக்கு நடுவில் இருக்கும் என்று அப்போதுதான் பிடிபட்டது.

தலைப்பு ரொம்ப நாள் இழுத்தது. சுமை தூக்குகிற பிராணி, அழுக்கு மூட்டை சுமக்கிற குடும்பம். சொல்ல வந்ததைச் சொல்லாமல் வேறொன்றைச் சொல்வது, அதாவது நம்ம மயிற்பீலி வண்டியேதான். அதோடு முடிந்தது என்று நினைத்தால், கோவேறு கழுதை குதிரைக்கும் கழுதைக்கும் பிறப்பது, பொதுவாக அதற்குக் குட்டி பிறக்காது என்று உயிரியல் படிக்கிற ஒருத்தி எதேச்சையாகச் சொன்னாள். மறுபடி புத்தகத்தை எடுத்தேன். சவுரிக்கும் ஆரோக்கியத்துக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள், ஆனால் அந்தத் தொழிலுக்கு அந்த ஊரில் வாரிசு இல்லை. லட்சுமி ஹோம்ஸ்ட்ராம் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தபோது தலைப்பு 'பீஸ்ட்ஸ் ஆஃப் பர்டன்' ஆனது. சுமை அங்கே இருக்கிறது. மலட்டுத்தன்மை தமிழிலேயே தங்கிவிட்டது. குறை சொல்லவில்லை, அந்த மொழியில் அதுதான் நல்ல தலைப்பு. ஆனால் ஒரு உருவகத்தின் எந்தப் பாதி எங்கே நிற்கிறது என்று பார்க்க, மொழிபெயர்ப்பைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்ல வழி.

இதுவரைக்கும் எனக்குச் சுலபம்தான். கஷ்டம் வேறு இடத்தில் இருந்தது. அதைக் காட்டிக்கொடுத்தது என் ஆயா.

ஆயாவுக்கு எழுத்து தெரியாது. ராத்திரியில் கொஞ்சம் கொஞ்சமாக வாசித்துக் காட்டினேன். பேச்சைக் கேட்டுவிட்டு ஆயா சிரிக்கும், சில இடத்தில் "இப்புடித்தான், இப்புடித்தான்" என்று தலையாட்டும். ஆரோக்கியம் உட்கார்ந்து புலம்புகிற இடம் ஒன்று வந்தது. நான் அங்கே 'ஒப்பாரி நடை' என்று ஓரத்தில் எழுதி வைத்திருந்தேன். ஆயா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னது:

"அவ அழுவுல பாப்பா. கணக்கு சொல்றா."

திரும்ப வாசித்தேன். கணக்குதான். யாருக்கு என்ன செய்தோம், பிறப்புக்கு என்ன, சாவுக்கு என்ன, பதிலுக்கு யார் என்ன தந்தார்கள். எழுத்தில்லாத ஒருத்தி பேரேட்டை ராகம் போட்டு வைத்திருக்கிறாள். நான்கு சாவு வீட்டில் ஒப்பாரி பாடிய ஆயாவுக்குத்தான் அது கேட்கும்.

கொஞ்ச நேரம் கழித்து ஆயா அடுத்ததையும் கேட்டது. "சோறு கேட்டு வந்து நிக்கிறாளே, அது யாரு ஊட்டு வாசல்ன்னு ஒனக்குத் தெரியுதா?"

தெரிந்துதான் இருந்தது. அந்த வார்த்தையைச் சொல்லத்தான் தயக்கம். புதிரை வண்ணார் குடும்பம் துணி வெளுப்பது ஊருக்கு இல்லை, காலனிக்கு. ஆரோக்கியம் 'சாமி' என்று கும்பிட்டு நிற்பது எங்களைப் போன்றவர்களின் வாசலில். நாவலைத் திறந்தபோது நான் என்னைத்தான் தேடினேன், மிதிபட்டவர்கள் பக்கத்தில். கதையோ என்னை வாசலுக்கு உள்ளே நிறுத்தி, தான் வெளியே நின்றுகொண்டு என்னைப் பார்க்கிறது. மேரிக்கு அந்தக் கொடுமை நடந்த பிறகு நியாயம் கேட்டுப் போக அந்தக் குடும்பத்துக்கு ஒரு வாசல் இல்லை. நியாயம் கேட்க வேண்டிய வாசல்கள்தானே சோறும் போடுகின்றன.

விமர்சனக் கட்டுரைகளில் நோக்குநிலை என்று ஒரு சொல் வரும். கேமராவை எங்கே வைப்பது என்கிற மாதிரி ஒரு தொழில்நுட்பச் சமாச்சாரமாகத்தான் பெரும்பாலும் விளக்குவார்கள். எனக்கு அது உடம்பில் பட்ட விஷயம். இதே கதையை ஊர்க்காரர் ஒருவர் பார்வையில் எழுதியிருந்தால் ஆரோக்கியம் பக்கவாட்டில் நடந்து போகிற ஒரு மூட்டை. காலனிக்காரர் பார்வையில் எழுதியிருந்தால் அவள் இரண்டு பக்கத்துக்கு வந்துபோகிற நல்ல மனுஷி. நாவல் வந்தபோது இதை வைத்துப் பெரிய வாதம் நடந்திருக்கிறது. சுந்தர ராமசாமி உயர்த்திப் பாராட்டினார். தலித் தரப்பிலிருந்து சிலர் கடுமையாக எதிர்த்தார்கள். எதிரி வெளியே இருக்கும்போது உள்வீட்டு அழுக்கை ஏன் வெளுக்க வேண்டும் என்கிற கோபம். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. எங்கள் அழுக்கை மட்டும் படித்துவிட்டு "நீங்களும் அப்படித்தானே" என்று புன்னகைக்க ஆட்கள் காத்திருக்கிறார்கள், கல்லூரி விடுதியிலேயே பார்த்திருக்கிறேன். ஆனால் கதை நிற்கிற இடத்தைத் தள்ளி வைத்தால் கூடையும் கணக்கும் காணாமல் போய்விடும் என்பதையும் என் புள்ளிகள் எனக்குக் காட்டின.

இன்னொன்றைக் கடைசியாகத்தான் கவனித்தேன். நாவலில் தெரு ஜனங்கள் அவளைத் தொழிலைச் சொல்லியே கூப்பிடுகிறார்கள். கதை சொல்லும் குரல் மட்டும் அவளை ஆரோக்கியம் என்கிறது. இதற்கு என்ன அணி என்று தண்டியலங்காரத்தில் தேடினால் கிடைக்காது.

ஆயாவிடம் கேட்டேன். "நம்ம தெருவுக்கு ராச்சோறு எடுக்க வருவாங்கன்னு சொல்லுவியே, அவங்க பேரு என்னா ஆயா?"

ஆயா ரொம்ப நேரம் யோசித்தது. அந்தம்மாவின் புடவை நிறம் நினைவிருந்தது. கூடையில் ரெண்டு குண்டான், ஒன்று சோத்துக்கு, ஒன்று குழம்புக்கு. என் அப்பா பிறந்தபோது துணி அலசிப் போட்டது அவர்தானாம். தெருமுனையில் நின்று கொடுக்கிற குரலை அப்படியே செய்து காட்டியது, எழுபது வயசுத் தொண்டையில் வேறொருத்தியின் குரல்.

"பேரு…" என்று இழுத்தது. "பேரு சொல்லி யாரு பாப்பா கூப்ட்டா?"