அம்மா பெயரில் ஒரு க்யூஆர் கோடு

சென்னை ஓஎம்ஆர் சாலையில் ஐடி கம்பெனிகளைத் தாண்டித் திரும்பியதும் கண்ணகி நகர். நகரின் ஆற்றோரங்களிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்களை 2000-ஆம் ஆண்டு முதல் கொண்டுவந்து குடியேற்றிய இடம். 15,000-க்கும் மேற்பட்ட வீடுகள்.

நான் பார்க்கப் போனது ஏசி சர்வீஸ் செய்யும் ஒரு தம்பியை. ஏழாவதோடு படிப்பு நின்றவர். முதலில் கஞ்சா, பிறகு வலி மாத்திரை. மறுவாழ்வு மையத்தில் இருந்துவிட்டு வந்து தொழில் கற்றிருக்கிறார்.

மாடிப்படிக்குக் கீழ் உள்ள இடம்தான் கடை. செப்புக் குழாயில் நைட்ரஜன் ஏற்றிவிட்டு, இணைப்பில் சோப்பு நுரையைத் தடவி, குமிழ் வருகிறதா என்று குனிந்து பார்த்தபடியே பேசினார். வேக்கம் பம்ப், கேஜ் செட் எல்லாம் அவருடைய அம்மா, மகளிர் குழுவில் கடன் எடுத்து வாங்கித் தந்தவை. சுவரில் ஒட்டியிருந்த க்யூஆர் கோடு ஸ்டிக்கரிலும் அம்மா பெயர்தான். ஏன் என்று கேட்டேன்.

"கையில காசு இருந்தா சாயங்காலம் கால் பழைய இடத்துக்கே போவுதுண்ணே. அதான் எல்லாம் அம்மா அக்கவுண்டுக்கு."

தன்னைத் தானே காத்துக்கொள்ள இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. ஆனால் அதுவே அவருக்குத் தடையாகவும் நிற்கிறது. அவர் பெயரிலுள்ள கணக்கில் வரவு எதுவும் இல்லை. கடன் கேட்டு வங்கிக்குப் போனால் வருமானத்துக்கு என்ன ஆதாரம் என்கிறார்கள். ஏரியா பெயரைச் சொன்னதும் அங்கிருந்தவர் முகம் மாறியதையும் சொன்னார். வேலைக்குப் போகும் வீடுகளில் கண்ணகி நகர் என்று சொல்வதில்லையாம், 'துரைப்பாக்கம்' என்று மட்டும்தான்.

வேலையற்ற இளைஞர்களுக்கென 25 சதவீத மானியத்தோடு மாநில அரசின் திட்டம் ஒன்று உண்டு. எட்டாம் வகுப்புத் தேறியிருக்க வேண்டும். போதைக்குப் பள்ளியைப் பறிகொடுத்த பிள்ளையை அந்த ஒரு வரியே வெளியே நிறுத்திவிடுகிறது. பட்டியலினத்தவர், பழங்குடியினருக்காக 2023-இல் வந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் கல்வித் தகுதி கேட்பதில்லை. மானியம் 35 சதவீதம். தம்பிக்கு அதில் தகுதி உண்டு. ஆனால் நான் சொல்லித்தான் முதன்முதலாகக் கேள்விப்படுகிறார். தண்டல்காரரை மட்டும் தெருவில் எல்லோருக்கும் தெரியும். 10,000 என்று பேசி, வட்டியை முன்பே பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுத்து, நாளுக்கு 100 ரூபாயாக வசூலிப்பவர் வாசலுக்கே வருகிறார். அரசுத் திட்டமும் அப்படி வாசலுக்கு வர வேண்டும். தாய், மகன் கூட்டுக் கணக்கின் வரவை வருமானச் சான்றாக வங்கிகள் ஏற்க வேண்டும். கடனையும் ரொக்கமாகத் தராமல் கருவியாக வாங்கித் தரலாம்.

கடனைவிட அவர் அதிகம் கேட்டது வேலைதான். கோடையில் ஓயாத அழைப்பு. மழைக்காலம் வந்தால் போன் அடிப்பதே இல்லை. அந்த வெறும் நாட்கள்தான் பயமாக இருக்கிறது என்றார்.

ஓஎம்ஆர் அடுக்ககச் சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த முறை ஏசி பராமரிப்புக்கு ஆண்டு ஒப்பந்தம் போடும்போது, கண்ணகி நகர்ப் பிள்ளைகளிடமும் ஒரு கொட்டேஷன் கேளுங்கள்.