ஏழாவது விஷயம்

பொது ஸ்தாபனம் ஒன்றின் நிர்வாக சபையில் அங்கத்தினராவதற்கு என்னென்ன யோக்கியதைகள் வேண்டும் என்று நேயர்கள் யாரேனும் கேட்டால், நம் அனுபவத்தைக் கொண்டு திட்டமாய்ப் பதில் சொல்ல முடியும். பணம் வேண்டியதில்லை, செல்வாக்கும் வேண்டியதில்லை. கையெழுத்து நன்றாயிருக்க வேண்டும். மாலை ஐந்து மணிக்கு மேல் இவருக்கு ஒரு வேலையும் இராது என்று ஊரார் நினைத்துக் கொண்டிருக்க வேண்டும். இவ்விரண்டும் பள்ளிக்கூட உபாத்தியாயரிடம் தவறாமல் உண்டு என்பது ஜனங்களின் நம்பிக்கை. ஆகவே, ஆறு வருஷங்களுக்கு முன் காரைக்காலில் சிலர் கூடி, வயது முதிர்ந்தவர்களை அவரவர் வீட்டில் இருந்தபடியே பேணுவதற்கென்று ஒரு சங்கம் அமைத்தபோது, காரியதரிசிப் பதவி தானாகவே நம்மைத் தேடி வந்தது. 1860-ஆம் வருஷத்துச் சங்கப் பதிவுச் சட்டத்தின்படி குறைந்தது ஏழு பேர் வேண்டும். உண்மையான சிரத்தையுள்ளவர்கள் ஆறு பேர் அகப்பட்டு விட்டார்கள். ஏழாவது ஆசாமி நாம்.

இப்படியொரு சங்கத்துக்குக் காரைக்காலைவிடப் பொருத்தமான ஊர் வேறு இருக்குமா என்பது சந்தேகமே. இவ்வூர்க்காரர்கள் கப்பலேறிப் போய் அங்கேயே தங்கிவிடுவது இன்று நேற்று ஏற்பட்ட வழக்கமன்று. காரைக்கால் அம்மையாரின் கணவன் பரமதத்தன் வியாபாரத்துக்கென்று கடல் கடந்து போனவன், திரும்பி வந்து பாண்டி நாட்டில் வேறொரு குடும்பம் நடத்திய கதையை நேயர்கள் அறிவார்கள். ஆனிப் பௌர்ணமியில் மாங்கனியை வாரி இறைத்து நாம் கொண்டாடும் திருவிழாவில், அந்தக் கதையின் இந்தப் பகுதியை மட்டும் யாரும் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. பிறகு பிரெஞ்சுக்காரர் காலத்தில் சைகோனுக்குப் போனார்கள். அதற்குப் பின் பாரீஸுக்கும், சிங்கப்பூருக்கும், வளைகுடா நாடுகளுக்கும் போனார்கள். போனவர்கள் ஊரை மறப்பதில்லை, பணம் அனுப்புகிறார்கள், வீட்டுக்கு வர்ணம் அடிக்கிறார்கள். வர்ணம் அடித்த வீட்டில் எண்பது வயதுக் கிழவி ஒருத்தி, கூடத்து விளக்கை மாத்திரம் ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

இவ்விஷயத்தில் ஒரு விசித்திரமான பொருத்தம் உண்டு. 1954 நவம்பர் முதல் தேதி காரைக்கால் இந்தியாவின் நிர்வாகத்துக்கு வந்து விட்டதென்றாலும், சட்டப்படி ஒப்படைப்பு முடிந்தது 1962 ஆகஸ்டில்தான். அதே 1962-ல் பிரான்ஸில் பியேர் லரோக் என்பவரின் தலைமையில் ஒரு குழு முதியோர்களைப் பற்றிய அறிக்கையை வெளியிட்டது. கிழவர்களை விடுதிகளில் ஒதுக்கி வைக்காமல், கூடியவரையில் அவர்களுடைய சொந்த வீட்டிலேயே, ஊர் ஜனங்களின் நடுவிலேயே வாழ வகை செய்யவேண்டும் என்பது அதன் சாராம்சம். நம்மை விட்டுப் போன வருஷத்தில் அவர்களுக்கு இந்த ஞானோதயம் உண்டாயிற்று! 2002-ஆம் வருஷத் தொடக்கத்திலிருந்து, அறுபது வயதுக்கு மேற்பட்டு உடல் தளர்ந்தவர்களுக்கு வீட்டில் துணைக்கு ஆள் வைத்துக்கொள்ள அங்கே உதவித் தொகையும் கொடுத்து வருகிறார்கள். ஆனால் தொகை கொடுத்தால் மட்டும் போதாது என்பது அடுத்த வருஷமே தெரிந்தது. 2003 ஆகஸ்டில் வந்த கடும் வெயிலில் அந்நாட்டில் சுமார் 15,000 பேர் மாண்டார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் வயோதிகர்கள். எத்தனையோ பேர் தனியாக இருந்தவர்கள். ஊரே கோடை விடுமுறைக்குக் கடற்கரைக்குப் போயிருந்த சமயம்.

நமக்கு அருகிலேயே கேரளத்தில் வேறொரு வழி கண்டிருக்கிறார்கள். 1993-ல் கோழிக்கோட்டில் டாக்டர் ராஜகோபால், டாக்டர் சுரேஷ்குமார் முதலானோர் தீராத நோயாளிகளின் நோவைத் தணிப்பதற்கென்று ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். சில வருஷங்களில் அது மலப்புறம் ஜில்லாவில் அக்கம்பக்கத்தாரின் காரியமாகவே மாறிவிட்டது. கடைக்காரரும் மாணவரும் வீட்டுப் பெண்களும் சில நாள் பயிற்சி பெற்று, ஒரு நர்ஸுடன் வீடு வீடாய்ப் போகிறார்கள். செலவுக்குச் சில்லறை சில்லறையாய்ச் சேர்க்கிறார்கள். 2008-ல் கேரள சர்க்கார் அதையே ஒரு கொள்கையாக ஏற்றுக்கொண்டது. எங்கள் சங்கம் இந்த மாதிரியைப் பார்த்துத்தான் கடைகளில் உண்டியல் வைத்தது. மாதா மாதம் உண்டியலைத் திறக்கும்போது கிடைக்கும் செல்லாத நாணயங்களைக் கொண்டு ஒரு சிறிய பொருட்காட்சி நடத்தலாம்.

செய்கிற வேலை பெரிதல்ல. ஓய்வு பெற்ற நர்ஸம்மாள் ஒருவர் வாரத்துக்கொரு முறை ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து வருகிறார். மாத்திரைகளைக் காலை, பகல், இரவு என்று பெட்டியில் பிரித்து வைக்கிறார். நம் மாணவர்கள் சனிக்கிழமைகளில் போய்ப் பத்திரிகை படித்துக் காட்டுகிறார்கள். நவம்பர் மாதம் வந்தால், பென்ஷன்காரர்களை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு, அவர்கள் இன்னும் உயிரோடுதான் இருக்கிறார்கள் என்பதை உரிய இடங்களில் ரூபிக்கிறோம். உயிரோடிருப்பதற்குச் சாட்சி தேவைப்படும் ஒரே வர்க்கத்தார் பென்ஷன்காரர்கள்தான்.

நாம் சொல்ல வந்தது ஒரு பாட்டியைப் பற்றி. அவளுடைய கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். இங்கே 'சொல்தா' என்று சொல்வார்கள். அவர் போய்ப் பல வருஷங்களாகின்றன. பிள்ளை பாரீஸுக்கு அருகில் உத்தியோகம். பாட்டியும் காகிதப்படி பிரெஞ்சுப் பிரஜைதான். ஆனால் நாம் மேலே சொன்ன உதவித் தொகை, அந்நாட்டில் வசிப்பவர்களுக்கு மாத்திரமே உரியது. பணத்துக்கு அவளுக்குக் குறைவில்லை. குறை, சமையற்கட்டுப் படியிலிருந்து கொல்லைக் கோடியில் இருந்த கழிப்பறை வரையில் உள்ள பன்னிரண்டு அடித் தூரந்தான். பழைய வீடு, கருங்கல் பாவிய முற்றம், மழை பெய்தால் பாசி.

சென்ற ஆவணியில் அவள் நர்ஸம்மாளிடம், "அந்த வழியிலே பிடித்துக்கொண்டு போக ஒரு கம்பி போட்டுக் கொடுத்தால் தேவலை அம்மா" என்றாள். பிள்ளையிடம் சொல்லிப் போட்டுக்கொள்ளக் கூடாதா என்று நேயர்கள் கேட்கலாம். நாமும் கேட்டோம். "அவன் வந்தால் வீட்டையே இடித்துக் கட்டுகிறேன் என்பான்" என்றாள். வெல்டிங் பட்டறைக்காரர் வந்து அளந்து பார்த்தார். சிமெண்டுப் பூச்சு உட்பட 3,400 ரூபாய் ஆகும் என்றார். விஷயம் புரட்டாசி மாதக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் ஏழாவதாக இடம் பெற்றது.

அந்தக் கூட்டத்தின் முதல் விஷயம் என்னவென்றால், சிங்கப்பூரில் வியாபாரம் செய்யும் நம்மூர்ச் செல்வர் ஒருவர், தகப்பனார் ஞாபகார்த்தமாக இருபது அறைகள் கொண்ட முதியோர் இல்லம் கட்டிக் கொடுப்பதாக எழுதியிருந்த கடிதம். நிலமும் அவருடையதே. வாசலில் சலவைக்கல்லில் பெயர் பொறிக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு நிபந்தனை இல்லை. சபை இரண்டு கட்சியாயிற்று. அக்கிராசனரான டாக்டர், "வீடு வீடாய் எத்தனை காலம் அலைவது? எல்லோரும் ஓரிடத்தில் இருந்தால் ஒரே நர்ஸ் இருபது பேரைப் பார்க்கலாமே" என்றார். 2007-ஆம் வருஷத்துப் பெற்றோர் பராமரிப்புச் சட்டங்கூட, ஜில்லாவுக்கு ஒன்றாவது, 150 ஏழை முதியோர் தங்கும்படியான இல்லங்களைச் சர்க்கார் ஏற்படுத்தலாம் என்றுதான் சொல்கிறது என எடுத்துக் காட்டினார். துணிக்கடை மரைக்காயர் சாவதானமாகக் கேட்டார்: "நல்லதுதான் டாக்டர். நம்ம கணக்கிலே இப்ப அறுபத்து மூணு பேர் இருக்காங்க. அதிலே வீட்டை விட்டு வர்றேன்னு சொன்னது எத்தனை பேர்?" இருவர் என்றார் நர்ஸம்மாள்.

டாக்டரின் கட்சியில் நியாயமே இல்லை என்று நாம் சொல்ல மாட்டோம். ஞாபகம் முழுவதும் அழிந்துபோன ஒரு பெரியவர், இரவில் காஸ் அடுப்பைத் திறந்து விட்டுவிட்டு அரசலாற்றங்கரைப் பக்கம் நடந்துகொண்டிருந்தார். அவரை வீட்டிலேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்று நாம் பிடிவாதம் பிடித்தது பிசகு. மூன்றாவது முறை அவர் காணாமற் போன பிறகு தஞ்சாவூர்ப் பக்கத்தில் ஓர் இல்லத்தில் சேர்த்தோம். இப்போது சுகமாக இருக்கிறார். ஆகவே நாம் அன்றைக்கு இரண்டு கட்சியிலும் பேசினோம். மிக நன்றாகவும் பேசினோம். லரோக் அறிக்கை, கோழிக்கோடு எல்லாவற்றையும் மேற்கோள் காட்டினோம்.

எட்டு மணி அடித்தது. மரைக்காயருக்கு இஷாத் தொழுகைக்கு நேரமாயிற்று. மூன்று பேர் எழுந்து விட்டார்கள். நர்ஸம்மாள், "ஐயா, அந்தக் கம்பி விஷயம்..." என்றார். சங்கத்தின் விதிப்படி 2,000 ரூபாய்க்கு மேற்பட்ட எந்தச் செலவுக்கும் மூன்று பட்டறைகளிலிருந்து விலைக் குறிப்பு வாங்க வேண்டும், வந்திருந்ததோ ஒன்றுதான். அந்த விதியை எழுதிக் கொடுத்தவர் யார் என்று நேயர்கள் ஊகித்திருப்பார்கள். 'அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது' என்று நாமே நடவடிக்கைப் புத்தகத்தில் எழுதினோம்.

ஐப்பசி மழை முன்கூட்டியே வந்துவிட்டது. அடுத்த கூட்டத்துக்கு நாலு நாள் இருக்கும்போது, விடியற்காலை நாலரை மணி சுமாருக்குப் பாட்டி முற்றத்தில் வழுக்கி விழுந்தாள். ஆறே காலுக்குப் பால்காரம்மாள் வந்து கதவைத் தட்டி, பதில் வராமல், கொல்லைச் சந்து வழியாக எட்டிப் பார்த்தாள். ஒன்றே முக்கால் மணி நேரம் மழையில் கிடந்திருக்கிறாள். இடுப்பெலும்பு முறிவு.

உலகத்தில் வருஷந்தோறும் சுமார் 6,84,000 பேர் கீழே விழுந்து இறந்து போகிறார்கள் என்று உலக சுகாதார ஸ்தாபனம் கணக்கிட்டிருக்கிறது. கிழவர்களுக்குத்தான் அபாயம் மிகுதி. இடுப்பெலும்பு முறிந்த வயோதிகருக்கு முறிவைவிடப் படுக்கையே பெரிய சத்துரு. நுரையீரலில் சளி கட்டும். படுக்கைப் புண் வரும். தசை உலர்ந்து போகும். அதனால்தான் வைத்தியர்கள் சீக்கிரமே அறுவை செய்து, எழுப்பி நிற்கவைக்கப் பார்க்கிறார்கள். இவ்வளவும் நமக்கு அதற்கு முன்பே தெரியும். முந்திய வருஷம் முதியோர் தினத்தன்று இதைப் பற்றித்தான் பிரசங்கம் செய்திருந்தோம்.

பிள்ளை மூன்றாம் நாள் வந்து சேர்ந்தார். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நம்மைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டார். கோபம் ஒன்றுமில்லை. "நீங்கள் எல்லாம் இருக்கிறீர்கள் என்று தைரியமாக இருந்தேன், சார்" என்றார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். அன்றிரவு வீட்டுக்கு வந்து நடவடிக்கைப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தோம். கையெழுத்து அச்சடித்தாற்போல் இருந்தது.

மறுநாள் பாட்டியிடம் உள்ளதைச் சொல்லி விடுவது என்று தீர்மானித்துக்கொண்டு போனோம். அவளுடைய வேண்டுகோள் ஒரு மாதமாக நம் கையில் இருந்ததையும், நாமே அதை ஒத்திவைத்ததையும் சொன்னோம். பிள்ளையும் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். பாட்டி சற்று நேரம் நம் முகத்தைப் பார்த்துவிட்டு, "அதற்கென்ன தம்பி! இவன் ஊருக்கு வருவதைப் பத்து வருஷமாய் ஒத்திவைத்துக்கொண்டிருந்தான். நீங்கள் ஒரு மாதந்தானே" என்றாள். அதற்குப் பிறகு அந்த அறையில் இரண்டு பேர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றோம்.

பிள்ளைக்குத் தாயாரை நல்ல இல்லமாகப் பார்த்துச் சேர்த்துவிட்டுப் போக வேண்டும் என்று ஆசை. விடுமுறை பதினாறு நாள்தான். பாட்டி மாட்டேன் என்றாள். காரணம் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. இரவில் விளக்குப் போடாமலேயே அந்த வீட்டில் எந்தச் சாமான் எங்கேயிருக்கிறது என்று தனக்குத் தெரியும். வேறிடத்தில் தான் குருடி என்றாள். கடைசியில் காலையும் மாலையும் வர ஓர் ஆயாவை ஏற்பாடு செய்து, இரவில் படுத்துக்கொள்ளப் பால்காரம்மாளின் மகளைப் பேசிவிட்டு அவர் விமானம் ஏறினார்.

தள்ளிப்போன கூட்டம் அதன் பிறகு நடந்தது. ஐயாயிரம் ரூபாய் வரையில் யாரையும் கேளாமல் நர்ஸம்மாளே செலவு செய்து, பிறகு கணக்குக் காட்டினால் போதும் என்று முதல் விஷயமாகத் தீர்மானம் நிறைவேறியது. பொக்கிஷதார் ஆட்சேபித்தார், அவர் ஆட்சேபத்தையும் எழுதி வைத்திருக்கிறோம். சிங்கப்பூர்ச் செல்வருக்கு வந்தனத்துடன் கடிதம் எழுதினோம். டாக்டரும் இன்னொருவரும் ராஜினாமா செய்தார்கள். டாக்டர் இன்னும் கூப்பிட்ட வீட்டுக்கெல்லாம் வந்து நோயாளியைப் பார்க்கிறார். சபைக்கு மட்டும் வருவதில்லை. அவர் செய்தது சரியா, நாம் செய்தது சரியா என்று நமக்கு இன்றளவும் முழு நிச்சயம் இல்லை. உண்டியல் பணத்தில் மாதம் ஒட்டுவது கஷ்டமாகவே இருக்கிறது.

கம்பியை, பாட்டி ஆஸ்பத்திரியிலிருந்து வருவதற்கு முன்பே போட்டாயிற்று. பாசியைச் சுரண்டி, கருங்கல்லைக் கொத்திச் சொரசொரப்பாக்கினோம். கழிப்பறையில் நாற்காலி போன்ற உயரமான இருக்கையும் வைத்தோம். தை மாதத்தில் ஒரு நாள் காலை போயிருந்தோம். பாட்டி வாக்கரை எதிரில் வைத்துக்கொண்டு சமையற்கட்டுப் படியில் வெயில் காய்ந்துகொண்டிருந்தாள். கம்பியின் மேல், இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரையில், ஒரு நனைந்த புடவை.

"பாட்டி, இதைக் கொடியாக்கி விட்டால் எதைப் பிடித்துக்கொண்டு போவீர்கள்?" என்று கேட்டோம்.

"புடவையோடு சேர்த்துத்தான் பிடித்துக்கொண்டு போகிறேன். வழுக்காமல் இருக்கிறது" என்றாள். பிறகு கம்பியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரு முறை பார்த்துவிட்டு, "இன்னும் ஒரு முழம் நீட்டிப் போட்டிருந்தால் முந்தானையும் காய்ந்திருக்கும். உங்கள் சபையில் கேட்டுச் சொல்லுங்கள், தம்பி" என்றாள்.