பத்து இலக்கப் பூட்டு

2008 ஜூலை 26, மாலை. அகமதாபாத்தில் குண்டுகள் வெடிக்கத் தொடங்குவதற்குச் சில நிமிடங்கள் முன்பு செய்தி நிறுவனங்களுக்கு ஓர் இ-மெயில் போய்ச் சேர்ந்தது. அது கிளம்பிய இணைய முகவரியைப் பிடித்துக்கொண்டு போன போலீசார், நவி மும்பையில் ஓர் அடுக்குமாடி வீட்டுக் கதவைத் தட்டினார்கள். அங்கே குடியிருந்தவர் ஓர் அமெரிக்கர். அவருக்கும் அந்த மெயிலுக்கும் சம்பந்தமில்லை. அவர் வீட்டு வயர்லெஸ் இணைப்பை வெளியாள் எவனோ பயன்படுத்தியிருந்தான். இது தெளிவாகும்வரை கேள்விகளுக்கெல்லாம் அவர்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

ஆகஸ்டில் அடுத்த மெயில் மாட்டுங்காவில் ஒரு கல்லூரி இணைப்பிலிருந்து போனது. செப்டம்பர் 13 டெல்லி குண்டுவெடிப்பின்போது வந்தது, செம்பூரில் ஒரு நிறுவனத்தின் இணைப்பு வழியாக. மாட்டுங்காவும் செம்பூரும் மும்பைத் தமிழர்களுக்குப் பாதி சொந்த ஊர். 2009 ஜனவரியில் போலீசார் லேப்டாப்பும் கையுமாகத் தெருக்களில் சுற்றிப் பூட்டாத இணைப்புகளைத் தேடியபோது, எங்கள் செம்பூர்க் குடியிருப்பில் பலர் முதன்முறையாக ரௌட்டர் பெட்டியைத் திருப்பிப் பார்த்தார்கள்.

இப்போது வரும் ரௌட்டர்களெல்லாம் பூட்டோடுதான் வருகின்றன. தொல்லை வேறு பக்கத்திலிருந்து முளைக்கிறது. பூட்டு புதிது, உள்ளே வர வேண்டிய கம்ப்யூட்டர் பழசு.

எங்கள் மாடிவீட்டு மாமா ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். 2010இல் வாங்கிய விண்டோஸ் 7 லேப்டாப்பில்தான் பென்ஷனர் சங்கக் கணக்குகளை இன்றும் எழுதுகிறார். (விண்டோஸ் 7ஐ மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியிலேயே கைகழுவிவிட்டது. அதில் பாங்க் வேலை பார்க்காதீர்கள் என்று கெஞ்சி, அதை மட்டும் ஒப்புக்கொள்ள வைத்திருக்கிறேன்.) சமீபத்தில் வீட்டுக்கு ஃபைபர் இணைப்பு வந்தது. மொபைல் போன்கள் உடனே ஒட்டிக்கொண்டன. லேப்டாப் ஒட்டவில்லை. இணைப்புக் கொடுத்த பையனுக்கு மாமா போன் செய்தார். "செக்யூரிட்டியை எடுத்துட்டு ஓப்பன்னு வெச்சிடுங்க சார், எல்லாம் ஓடும்" என்று பதில் வந்தது.

மாமாவுக்கு அதில் ஆட்சேபணையே இல்லை. "பக்கத்து வீட்டுப் பையன் ரெண்டு சினிமா பார்த்துட்டுப் போகட்டுமே. எனக்கென்ன குறைஞ்சுடப் போறது?"

"2008 ஞாபகம் இருக்கா மாமா?" என்றேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு லேப்டாப்பை என் பக்கம் நகர்த்தினார்.

வயர்லெஸ் அடாப்டர் என்பது லேப்டாப்புக்குள் இருக்கும் ஒரு குட்டி ரேடியோ. அது பிறந்த காலத்துப் பூட்டுகளைத்தான் அதற்குத் திறக்கத் தெரியும். 1997இல் வந்த முதல் பூட்டு டபிள்யூ.இ.பி. 2001இல் அதன் குறை அம்பலமானது. 2007இல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் ஆராய்ச்சியாளர்கள் அதை ஒரு நிமிடத்துக்குள் உடைத்துக் காட்டினார்கள். நடுவே 2003இல் அவசர ஒட்டுப்போட்டு வந்தது டபிள்யூ.பி.ஏ. 2004இல் வந்த டபிள்யூ.பி.ஏ.2 உருப்படியானது. 2018இல் அறிவிக்கப்பட்டது டபிள்யூ.பி.ஏ.3. மாமாவின் அடாப்டர் இரண்டோடு நின்றுவிட்டது. ரௌட்டரோ மூன்றை மட்டும் ஏற்கும்படி வைக்கப்பட்டிருந்தது. புது அடாப்டர் வாங்கிச் செருகலாமே என்றால், விண்டோஸுக்கே மூன்றாவது பூட்டு தெரிய வந்தது விண்டோஸ் 10இன் 2019 மே மாதப் பதிப்பில்தான்.

ரௌட்டரில் இரண்டும் மூன்றும் கலந்த முறையைத் தேர்ந்தெடுத்தேன். அப்போதும் லேப்டாப் முரண்டு பிடித்தது. இந்தக் கம்ப்யூட்டரில் சேமித்த அமைப்புகள் நெட்வொர்க்குக்குப் பொருந்தவில்லை என்று ஒரு வரி. காரணம் எளிது. புது ரௌட்டருக்கும் பழைய ரௌட்டரின் பெயரையே மாமா வைத்திருந்தார். லேப்டாப் அந்தப் பெயரோடு பழைய பூட்டின் விவரத்தையும் நினைவில் வைத்துக்கொண்டு, புதுக் கதவில் பழைய சாவியைத் திணித்துக்கொண்டிருந்தது. சேமித்த பதிவை அழித்து, புதிதாகச் சேர்த்து, பாதுகாப்பு வகை டபிள்யூ.பி.ஏ.2 பெர்சனல், மறையாக்கம் ஏ.இ.எஸ். என்று கொடுத்ததும் ஒட்டிக்கொண்டது. அதே பட்டியலில் டி.கே.ஐ.பி. என்றும் ஒன்று இருக்கும். அதைத் தொட வேண்டாம். பாதுகாப்பும் குறைவு, வேகமும் 54 மெகாபிட்டுக்கு இறங்கிவிடும்.

வேலை முடிந்தது என்று காபி வந்தது. முடியவில்லை. பாஸ்வேர்டைக் கேட்டேன். மாமாவின் மொபைல் எண். இணைப்புக் கொடுக்க வருகிறவர்கள் பெரும்பாலும் இதைத்தான் வைத்துவிட்டுப் போகிறார்கள். வீட்டுக்காரருக்கு மறக்காது பாருங்கள்.

லேப்டாப் சேரும்போது பாஸ்வேர்டு காற்றில் போவதில்லை. எனக்குத் தெரியும் என்பதற்கான நிரூபணம் மட்டும் போகிறது. டபிள்யூ.பி.ஏ.2இல் அந்த நிரூபணத்தைத் தெருவில் ஸ்கூட்டரில் உட்கார்ந்து ஒருவன் பதிவு செய்துகொள்ளலாம். பிறகு வீட்டுக்குப் போய், ஆற அமர, ஒவ்வொரு பாஸ்வேர்டாகப் போட்டுப் பார்க்கலாம். ரௌட்டருக்கு இது தெரியவே தெரியாது. மூன்றாவது பூட்டின் பெரிய லாபமே இந்த வீட்டு வைத்தியத்துக்கு வழியில்லை என்பதுதான். ஊகம் ஒவ்வொன்றுக்கும் ரௌட்டரின் கதவையே தட்டியாக வேண்டும். பழைய லேப்டாப்புக்காக இரண்டாவது பூட்டையும் திறந்துவிட்டோம் என்றால், முழுப் பாரமும் பாஸ்வேர்டின் தலையில் விழுகிறது.

மாமாவுக்கு முன்னாலேயே கணக்குப் போட்டேன். நம் மொபைல் எண்கள் 6, 7, 8, 9 இவற்றில்தான் தொடங்கும். மொத்தம் 400 கோடி. கேம் விளையாடுகிறவர்கள் வைத்திருக்கும் நல்ல கிராஃபிக்ஸ் கார்டு ஒன்று விநாடிக்கு 10 லட்சம் ஊகம் சோதிக்கும். ஆக 4,000 விநாடி. ஒரு மணி ஏழு நிமிடம்.

"செம்பூர்லேர்ந்து சர்ச்கேட் போய்ச் சேர்ற நேரம்" என்றார்.

ரௌட்டரின் பெயரை மறைத்துவிட்டால் போதாதா என்று மாமி கேட்டார். போதாது. மறைத்த பெயரைத் தேடி லேப்டாப்பே போகுமிடமெல்லாம் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருக்கும். அனுமதித்த கருவிகளின் பட்டியல் போடுவதும் இப்படித்தான். கருவியின் எண் காற்றில் மறைவில்லாமல் போகிறது, பார்த்து எழுதிக்கொள்ளலாம். ரௌட்டரில் பட்டன் அமுக்கிச் சேர்க்கும் வசதி ஒன்று இருக்கிறது. அதனுடன் வரும் எட்டு இலக்க எண்ணுக்கு அதிகபட்சம் 11,000 முயற்சி போதும் என்று 2011லேயே தெரிந்துவிட்டது. அதை அணைத்தேன்.

பாஸ்வேர்டுக்கு 8 முதல் 63 எழுத்துவரை இடம் உண்டு. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நாலைந்து சொற்களைக் கோத்தால் நீளமும் கிடைக்கும், நினைவிலும் நிற்கும். மாமா வேலை பார்த்த ஸ்டேஷன்களின் பெயர்களைச் சொல்லத் தொடங்கினார். அவர் கதையாகச் சொல்லும் ஸ்டேஷன்கள் கட்டடம் முழுக்கத் தெரியும் என்று தடுத்தேன். மாமி அடுப்படியில் இருந்து ஒரு பாத்திரம், ஒரு பறவை, இறந்துபோன ஒரு பசுவின் பெயர், கூடவே ஒரு வசவு என்று நான்கு சொற்கள் கொடுத்தார். எழுத்து எண்ணிப் பார்த்தால் 31.

மாமா அதைத் தினசரி காலண்டர் அட்டையின் பின்பக்கம் பென்சிலால் எழுதிவைத்தார். எழுதிவைப்பது தப்பில்லையா என்று அவருக்குச் சந்தேகம். தெருவில் ஸ்கூட்டரில் உட்கார்ந்திருப்பவனுக்கு உங்கள் காலண்டரின் முன்பக்கமே தெரியாது, எழுதுங்கள் என்றேன்.