20 கிலோமீட்டர், ஆறு மணி நேரம்



எங்க ஊர் தேனி மாவட்டம், வருசநாட்டுப் பக்கம். எங்க அக்காவைக் கட்டிக் கொடுத்தது விருதுநகர் மாவட்டம் வத்திராயிருப்பில். ரெண்டு ஊருக்கும் நடுவில் இருப்பது மலை மட்டும்தான். மகன் போனில் மேப்பைத் திறந்து நேராக் கோடு போட்டுக் காட்டினான். காக்கா பறக்குற தூரம் சுமார் 20 கிலோமீட்டர். மதுரையிலிருந்து சென்னைக்கு ஒண்ணேகால் மணி நேரத்துல போற விமானம் இதை ரெண்டு, மூணு நிமிசத்துல தாண்டிரும்.

நாங்க போற வழியைக் கேளுங்க. கடமலைக்குண்டு, கண்டமனூர் விலக்கு வழியா ஆண்டிபட்டி. அங்க பஸ் மாறி, கணவாய் இறங்கி உசிலம்பட்டி. பேரையூர், டி.கல்லுப்பட்டி தாண்டி கிருஷ்ணன்கோவில். அங்கிருந்து இன்னொரு பஸ்ஸில் வத்திராயிருப்பு. மலையைச் சுத்தி 100 கிலோமீட்டருக்கு மேல ஆகுது.

போன மாசியில மச்சான் தவறிட்டார். சேதி வந்தது ராத்திரி ஒன்பது மணிக்கு. பொறந்த வீட்டுக் கோடி போய்ச் சேராம எடுக்க மாட்டாங்க. விடியக்காலை முதல் பஸ் பிடிச்சும் அக்கா வீட்டு வாசலை மிதிக்கையில மணி பதினொண்ணு. வந்த சனமெல்லாம் வெயில்ல காத்துக்கிடக்கு. அக்கா என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "மலைக்கு அந்தப் பக்கம்தானடா இருக்க"ன்னு கேட்டு அழுதுச்சு. நான் என்ன பதில் சொல்ல?

எங்க தாத்தா காலத்துல ஆடி அமாவாசைக்கு உப்புத்துறை வழியா சதுரகிரிக்கு நடந்தே போவாங்க. மலையேறி அந்தப் பக்கம் தாணிப்பாறையில இறங்கினா வத்திராயிருப்பு பக்கம்தான். கால்நடையா போனவங்களுக்குக் கிட்ட இருந்த ஊரு, பஸ் வந்த பிறகு தூரமாப் போச்சு.

மலையில ரோடு போடணும்னு ரெண்டு பக்கமும் ரொம்ப வருசமா கேக்குறாங்க. ரோடு வந்தா எங்க இலவம் பஞ்சும் தேங்காயும் சுருக்கா அந்தப் பக்கம் போகும். அது எனக்கும் ஆசைதான். ஆனா 2021-ல அந்தக் காடு ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம் ஆயிருச்சு. மூல வைகை பிறக்குறதும் இந்த மலையிலதான். என் கிணத்துல ஊத்து இருக்குன்னா மேல காடு இருக்கு. அக்கா வீட்டு வயலுக்குப் பாயுற பிளவக்கல் அணைத் தண்ணியும் இதே மலை கொடுக்குறதுதான். அதை வெட்டச் சொல்ல வாய் வர மாட்டேங்குது.

காரியம் முடிஞ்சு திரும்புறப்ப ஒரு கணக்குப் போட்டேன். ஆறு மணி நேரத்துல சக்கரம் உருண்டது நாலு மணி நேரம்கூட இருக்காது. மிச்சமெல்லாம் பஸ் ஸ்டாண்டுல நின்னது. மலையைக் குறைக்க முடியாது, நிக்கிற நேரத்தைக் குறைக்கலாம்ல? வருசநாட்டுல ஏறி வத்திராயிருப்புல இறங்குற மாதிரி காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு, மாறாம போற பஸ் விட்டாப் போதும். இதை மனுவா எழுதி வச்சிருக்கேன். நம்ம பக்கத்துல பொண்ணு கொடுத்தவங்க, எடுத்தவங்க எல்லாரும் கையெழுத்துப் போட வாங்க. அடுத்த கிராமசபைக் கூட்டத்துல கொடுத்திருவோம்.