இருட்டைக் காப்பது

முதல் முறை சித்திரையில் நட்டேன். கோவையில் எங்கள் வீட்டுக் கொல்லையில், சமையலறையில் தானாக முளைவிட்ட ஆறு உருளைக்கிழங்குகள். செடி முழங்காலைத் தாண்டி வளர்ந்து, கரும்பச்சையாகத் தழைத்து நின்றது. ஆனியில் தோண்டினால் வேருக்கு நடுவே நிலக்கடலை அளவில் நாலைந்து உருண்டைகள், அவ்வளவுதான்.

மேட்டுப்பாளையம் மண்டியில் ஊட்டிக் கிழங்கு தரம் பிரிக்கும் பெரியவரிடம் இதைச் சொன்னேன். "தழையப் பாத்து ஏமாந்துட்டீங்கம்மா. ராத்திரி குளுந்தாத்தான் கிழங்கு எறங்கும்" என்றார். காரணம் பிறகு புரிந்தது. இரவு வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான், இலை பகலில் சமைத்த சத்து கீழே போய்க் கிழங்காகக் கட்டுகிறது. வெக்கையில் அதெல்லாம் தழைக்கே செலவாகிவிடும். நீலகிரியில் கார்போகம், கடைபோகம், நீர்போகம் என்று மூன்று போகம் எடுக்கிறார்கள். நமக்கு வாய்த்தது ஒன்றுதான். ஐப்பசி அடைமழை ஓய்ந்ததும் நட்டு, மார்கழிக் குளிரில் கட்டவிட்டு, மாசியில் எடுப்பது.

விதைக்கு முட்டை அளவுக் கிழங்குகளை எடுத்து, நேர்வெயில் படாத ஜன்னலோரத்தில் மூன்று வாரம் பரப்பி வைப்பேன். இருட்டில் முளைத்தால் முளை வெளுத்து நீண்டு, தொட்டதும் ஒடியும். வெளிச்சத்தில் முளைத்தது குட்டையாக, ஊதா கலந்த பச்சையில் கெட்டியாக இருக்கும். பெரிய கிழங்கானால் துண்டுக்கு இரண்டு கண்ணாவது இருக்கும்படி நறுக்கி, சாம்பல் தொட்டு, வெட்டுவாய் தோல்போலக் காயும்வரை நிழலில் வைக்க வேண்டும். ஈரத்தோடு புதைத்தால் அழுகிவிடும். மண் ஒட்டிய ஊட்டிக் கிழங்கை மட்டும் நான் விதைப்பதில்லை. உருளைக்கிழங்கின் வேரைத் தாக்கும் முட்டைக்கூடு நூற்புழு 1961இல் நீலகிரியில் கண்டறியப்பட்டது. அதன் கூடு மண்ணில் பல வருடம் உயிரோடு கிடக்கும். சமைக்க எனக்கு அந்தக் கிழங்குதான் பிடிக்கும், ஆனால் கழுவிய தண்ணீரைக்கூடப் பாத்தியில் ஊற்ற மாட்டேன்.

நட்டபின் உள்ள வேலைகளில் எனக்கு மிகப் பிடித்தது மண் அணைப்பது. உருளைக்கிழங்கு வேர் இல்லை, தண்டு. சர்க்கரைவள்ளியில் கண் கிடையாது, அது வேர். உருளைக்கிழங்கில் இருக்கும் கண்ணெல்லாம் தண்டின் கணுக்கள். மண்ணுக்குள் இருக்கும் தண்டிலிருந்து வெள்ளை நூல்போலக் கொடிகள் பக்கவாட்டில் ஓடி, நுனியில் பருக்கும். தண்டு என்பதால்தான் வெளிச்சம் பட்டதும் பச்சை பிடிக்கிறது. கூடவே சோலனின் என்ற நஞ்சும் ஏறுகிறது. கசக்கும், வயிற்றைக் கெடுக்கும். எனவே செடி ஒரு சாண் உயர்ந்ததும், பாத்தியின் இரு பக்கத்திலிருந்தும் பொலபொலவென்ற மண்ணும் மக்கிய சாணமும் கலந்து அடித்தண்டு மறைய ஏற்றுவேன். பதினைந்து, இருபது நாள் கழித்து மறுபடியும். களைக்கொத்தைத் தொடமாட்டேன், அந்த வெள்ளை நூல் அறுந்தால் ஒரு கிழங்கு போச்சு. விரலால் மண்ணை அள்ளி, தட்டாமல், சாய்த்து விடுவதோடு சரி. தை மாதத்தில் கிழங்கு பருக்கப் பருக்க மேடு வெடிக்கும். தினமும் காலையில் காபி டம்ளரோடு போய் அந்த வெடிப்புகளை மூடிவிட்டு வருவேன்.

தழை மஞ்சளாகிச் சாய்ந்ததும் தண்ணீரை நிறுத்தி, பத்து நாள் பொறுப்பேன். கட்டைவிரலால் தேய்த்தால் தோல் உரியாத பக்குவம் வர வேண்டும்.

போன மாசியில் எட்டுச் செடியில் மூன்றரைக் கிலோ வந்தது. கையாலேயே மண்ணை விலக்கினேன். இன்னும் இருக்குமா என்று துழாவும்போது விரல் நுனியில் குளிர்ச்சியாக, வழவழப்பாக ஒன்று தட்டுப்படும். அந்த நொடிக்காகவே நான் இதை நடுகிறேன். கடைசிச் செடியில் உள்ளங்கை அளவில் ஒன்று, பாதி பச்சையாக இருந்தது. பொங்கலுக்கு நாலு நாள் ஊருக்குப் போயிருந்தபோது வெடித்த பக்கம் அது.